கூரைக்கு இரண்டு ஆண்டு, கிணற்றுக்கு நூறு அடி: பென்சில்வேனியாவில் எஃப்எச்ஏ கடனில் ஒரு கிராமத்து வீடு வாங்கிய அனுபவம்

2023 ஆகஸ்ட் 14 அன்று நான் வாங்குவதாகக் கையெழுத்திட்ட வீட்டின் சாவி, செப்டம்பர் 29 அன்று கிடைத்திருக்க வேண்டும். நவம்பர் 17 அன்றுதான் கிடைத்தது. வங்கிக் கணக்கும் கிரெடிட் ஸ்கோரும் வேலையும் சரியாகத்தான் இருந்தன. வீட்டின் கூரையும், முற்றத்தில் இருந்த ஆழ்துளைக் கிணறும், அந்தக் கிணற்றுக்கும் கழிவுநீர் இறங்கும் நிலத்துக்கும் இடையில் எத்தனை அடி என்று யாருக்கும் தெரியாத நிலையும் சேர்ந்து என்னை ஏழு வாரம் அலைக்கழித்தன. நகரத்தில் வீடு வாங்கிய நண்பர்கள் எவருக்கும் இந்தச் சிக்கல் வந்ததில்லை. அதனால் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லை. அமெரிக்காவின் கிராமப்புறத்தில் அரசு ஆதரவுள்ள கடனில் வீடு வாங்க எண்ணும் தமிழர்களுக்கு உதவும் என்பதால், நடந்ததை வரிசையாக எழுதி வைக்கிறேன்.

நான் மத்தியப் பென்சில்வேனியாவில் ஒரு மருத்துவமனையின் பரிசோதனைக் கூடத்தில் வேலை செய்கிறேன். தனியாக வசிப்பவள். கையில் பெரிய முன்பணம் இல்லாததால், 3.5 விழுக்காடு முன்பணத்தில் கிடைக்கும் எஃப்எச்ஏ கடனை (கூட்டாட்சி வீட்டுவசதி நிர்வாகம் காப்பீடு அளிக்கும் கடன்) தேர்ந்தெடுத்தேன். நான் பார்த்த வீடு 1962இல் கட்டப்பட்டது; சுற்றிலும் மக்காச்சோள வயல், இரண்டு ஏக்கர் நிலம், சொந்தக் கிணறு, சொந்தச் செப்டிக் டேங்க். கணவரை இழந்து அங்கே தனியாக இருந்த எண்பது வயதைக் கடந்த ஒரு பாட்டி, மகன் வீட்டுக்குப் போவதற்காக அதை விற்றுக்கொண்டிருந்தார். விலை 2,38,000 டாலர் என்று பேசி முடித்தோம். அன்றிரவு கரூரில் இருக்கும் அப்பாவிடம் தொலைபேசியில் சொன்னபோது அவர் முதலில் கேட்டது விலையை அல்ல. "கிணத்தை எட்டிப் பாத்தியா கண்ணு? தண்ணியக் குடிச்சுப் பாத்தியா?" என்றுதான் கேட்டார். இங்கே கிணறு என்பது தரைக்கு மேல் ஓர் அடி நீட்டிக்கொண்டிருக்கும் ஆறு அங்குல இரும்புக் குழாய், அதை எட்டிப் பார்க்க முடியாது என்று விளக்கிவிட்டுப் பேச்சை மாற்றிவிட்டேன். அவர் கேட்ட கேள்வியை நான் அன்றே என்னிடம் கேட்டிருந்தால் ஒரு மாதமாவது மிஞ்சியிருக்கும்.

நான் செய்த முதல் தவறு, அப்ரைசல் என்றால் வீட்டுக்கு விலை மதிப்பிடுவது மட்டுமே என்று நினைத்தது. சாதாரண வங்கிக் கடனில் அது பெரும்பாலும் அப்படித்தான். ஆனால் எஃப்எச்ஏ கடனில் அப்ரைசர் இரண்டு வேலைகளைச் செய்கிறார். விலையை மதிப்பிடுவதோடு, அந்த வீடு அரசின் குறைந்தபட்சத் தகுதிகளுக்கு உட்பட்டிருக்கிறதா என்பதையும் பார்த்து எழுதுகிறார். அந்தத் தகுதிகள் வீட்டுவசதித் துறையான எச்யுடியின் 4000.1 என்ற கையேட்டில் இருக்கின்றன. பாதுகாப்பு, உறுதி, உடல்நலம் ஆகியவற்றுக்குக் கேடு விளைவிக்கும் குறை எதுவாயினும் அது சரிசெய்யப்பட்ட பிறகே கடன் முடியும். 1934இல் தொடங்கிய இந்த ஏற்பாட்டில் அரசு காப்பீடு கொடுப்பது கடன் கொடுப்பவருக்கு. வீடு வாங்குகிறவருக்கு அல்ல. நாளைக்கு நான் கடனைக் கட்டாமல் போனால் அந்த வீட்டை விற்றுத்தான் இழப்பை ஈடுகட்ட வேண்டும் என்பதால், கூரை ஒழுகும், தண்ணீர் கெட்டுப்போன வீட்டை அவர்கள் ஏற்பதில்லை. அப்ரைசருக்கான 650 டாலரை நான் கட்டினாலும் அவர் எனக்காக வேலை செய்பவர் அல்லர் என்பது எனக்கு வெகு நாள் கழித்துத்தான் உறைத்தது. அமெரிக்க வேளாண் துறையான யுஎஸ்டிஏவின் கிராமப்புறக் கடனிலும், ஏற்கெனவே கட்டப்பட்ட வீடுகளுக்கு இதே கையேட்டின் தகுதிகளைத்தான் அளவுகோலாக வைக்கிறார்கள். ஆகவே முன்பணமே இல்லாத அந்தக் கடனை நாடுபவர்களுக்கும் நான் சொல்வது பெருமளவு பொருந்தும்.

இரண்டாவது தவறு, கையில் வந்த எச்சரிக்கையைப் படித்தும் பொருட்படுத்தாதது. அப்ரைசலுக்கு முன்பே தனியாக ஓர் ஆய்வாளரை வைத்து வீட்டைப் பார்க்கச் சொன்னேன். அவருடைய அறிக்கையில், ஷிங்கிள்களின் (கூரையில் வேயும் தார்த் தகடுகள்) ஓரங்கள் சுருண்டிருக்கின்றன, மேற்பரப்பிலுள்ள மணல் உதிர்ந்திருக்கிறது, கூரை தன் ஆயுளின் முடிவை நெருங்குகிறது என்று எழுதியிருந்தார். ஒழுகவில்லை அல்லவா, ஐந்தாறு ஆண்டு கழித்துப் பார்த்துக்கொள்ளலாம் என்று நினைத்துக் கடந்துவிட்டேன். எஃப்எச்ஏவின் கணக்கு வேறு. கூரைக்குக் குறைந்தது இரண்டு ஆண்டு ஆயுள் மீதமிருக்க வேண்டும். இல்லையென்று அப்ரைசர் கருதினால் பழுதுபார்க்கவோ மாற்றவோ சொல்லியாக வேண்டும். இன்று ஒழுகுகிறதா என்ற கேள்வியோடு அது முடிவதில்லை. ஆய்வாளரின் அறிக்கையில் "ஆயுளின் முடிவு" என்ற சொற்கள் வந்தால், அந்த இடத்திலேயே நிறுத்தி, விற்பவரிடம் கூரையைப் பற்றிப் பேச்சைத் தொடங்கிவிடுங்கள். அந்தக் கட்டத்தில் உங்களுக்குப் பேரம் பேசும் காலமும் உரிமையும் இருக்கும். நான் அந்தக் காலத்தை வீணடித்தேன். நூற்றுச் சொச்சம் டாலரை மிச்சப்படுத்துவதற்காகத் தண்ணீர்ப் பரிசோதனையையும் செப்டிக் சோதனையையும் அந்த ஆய்வில் சேர்க்க வேண்டாம் என்றும் சொல்லியிருந்தேன். அந்த மிச்சத்தை நினைக்கும்போது இன்றும் மனம் கசக்கிறது.

அப்ரைசர் முதல்முறை வந்த அன்று நான் வேலையில் இருந்தேன். கூரைக்கு அடியிலுள்ள அட்டிக் என்ற இடத்துக்கு ஏறும் திறப்பு ஒரு துணி அலமாரிக்குள் இருந்தது. அதன் கீழே பாட்டியின் அட்டைப் பெட்டிகள் கூரைவரை அடுக்கியிருந்தன. அப்ரைசர் மற்றவர் பொருளை நகர்த்தக் கடமைப்பட்டவர் அல்லர். ஆனால் அட்டிக்கைப் பார்க்காமல் அறிக்கையை நிபந்தனையின்றி முடிக்கவும் அவரால் இயலாது. மறுபடி வருகிறேன் என்று சொல்லிப் போய்விட்டார். மறுவருகைக்கு 150 டாலர், ஒன்பது நாள் தாமதம். முன்தினம் மாலை அரை மணி நேரம் நான் போய் அந்தப் பெட்டிகளை நகர்த்தித் தருகிறேன் என்று கேட்டிருந்தால் பாட்டி மறுத்திருக்க மாட்டார். அப்ரைசல் நாளுக்கு முன் உங்கள் ஏஜெண்டிடம் இவற்றைக் கேட்டு உறுதிசெய்யுங்கள்: அட்டிக் திறப்பு, தரைக்கடியில் தவழ்ந்து போகும் இடம் இருந்தால் அதன் வாசல், கிணற்றுக் குழாயைச் சுற்றியுள்ள புதர், செப்டிக் மூடி. இவையெல்லாம் கண்ணுக்குப் படும்படி இருக்க வேண்டும். மின்சாரமும் தண்ணீரும் ஓடிக்கொண்டிருக்க வேண்டும்.

அறிக்கை செப்டம்பர் இரண்டாம் வாரம் வந்தது. மதிப்பு 2,34,000 டாலர். பேசிய விலையைவிட 4,000 குறைவு. அதற்குக் கீழே, "இவை நிறைவேறும் பட்சத்தில்" என்ற நிபந்தனையோடு நான்கு விஷயங்கள். கூரையை மாற்ற வேண்டும். ஏனெனில் அட்டிக்கில் கூரைப் பலகையின் அடிப்புறம் ஈரக்கறை படிந்திருக்கிறது. கார் ஷெட்டின் சன்னல் சட்டங்களில் உரிந்து நிற்கும் பெயின்டைச் சுரண்டிப் பூச வேண்டும். 1978க்கு முன் கட்டிய வீடு என்பதால் ஈயம் இருக்கலாம். கிணற்றுக்கும் கழிவுநீர் இறங்கும் நிலத்துக்கும் இடையிலான தூரம் நூறு அடிக்குக் குறைவாகத் தோன்றுகிறது. அளந்து உறுதிசெய்ய வேண்டும். கிணற்று நீரைப் பரிசோதிக்க வேண்டும். அந்தத் தாளை வைத்துக்கொண்டு அன்றிரவு நான் அழுதேன். வீடு கைநழுவுகிறது என்பதைவிட, இவற்றில் ஒன்றுகூட எனக்கு முன்னமே தெரியாமல் போயிற்றே என்ற ஆற்றாமைதான் அதிகம்.

பெயின்ட் வேலை ஒரு வாரத்தில் முடிந்தது. தண்ணீரில்தான் நான் மன்னிக்க முடியாத பிழையைச் செய்தேன். அவசரத்தில், கடையில் வாங்கிய பரிசோதனைப் புட்டியில் சமையலறைக் குழாயிலிருந்து நானே தண்ணீரைப் பிடித்து, நானே காரில் கொண்டுபோய் ஆய்வுக்கூடத்தில் கொடுத்தேன். 85 டாலர். அறிக்கை வந்ததும், கடன் கொடுக்கும் லெண்டர் அதைத் தொடக்கூட இல்லை. தண்ணீரை எடுப்பதும் கொண்டு செல்வதும் அந்த விற்பனையில் எந்த நலனும் இல்லாத மூன்றாம் நபராகத்தான் இருக்க வேண்டும். வாங்குபவரோ விற்பவரோ தொடக்கூடாது என்பது கையேட்டிலேயே உள்ள விதி. நோயாளியின் இரத்த மாதிரியை யார் எடுத்தார், யார் கொண்டுவந்தார் என்று எழுதாமல் ஏற்கக்கூடாது என்று நாள்தோறும் பிறருக்குச் சொல்லும் வேலையில் இருப்பவள் நான். என் வீட்டு விஷயத்தில் அது நினைவுக்கு வரவில்லை. அங்கீகாரம் பெற்ற ஆய்வுக்கூடத்திடம், "எஃப்எச்ஏ கடனுக்காக, உங்கள் ஆளே வந்து எடுக்க வேண்டும்" என்று சொல்லிப் பதிவுசெய்யுங்கள். என்னென்ன பரிசோதிக்க வேண்டும் என்ற பட்டியலை லெண்டரிடம் மின்னஞ்சலில் எழுத்தாக வாங்கிய பிறகு பதிவுசெய்வது இன்னும் நல்லது; ஏனெனில் ஒவ்வொரு லெண்டரின் பட்டியலும் சற்று வேறுபடுகிறது.

பென்சில்வேனியாவில் பத்து லட்சத்துக்கும் மேற்பட்ட தனியார் கிணறுகள் இருந்தும், அவற்றை எப்படிக் கட்ட வேண்டும் என்று மாநிலம் முழுமைக்குமான விதி கிடையாது. உள்ளூர் விதியும் மாநில விதியும் இல்லாத இடத்தில், சுற்றுச்சூழல் துறையான இபிஏ குடிநீருக்கு வைத்த வரம்புகள் அளவுகோலாகின்றன. ஆய்வுக்கூடத்தின் ஆள் வந்து எடுத்த நீரில் நைட்ரேட் ஒரு லிட்டருக்கு 6 மில்லிகிராம் இருந்தது; வரம்பு 10. சுற்றிலும் சோள வயல் என்பதால் அதைத்தான் நான் மிகவும் அஞ்சியிருந்தேன். ஈயமும் ஆர்செனிக்கும் வரம்புக்குள் இருந்தன. நீரோட்டம் நிமிடத்துக்கு 6 காலன். எஃப்எச்ஏ பழைய கிணற்றிடம் எதிர்பார்ப்பது 3 முதல் 5 காலன். ஆனால் வெளி மாசு உள்ளே வந்திருக்கலாம் என்று காட்டும் கோலிஃபார்ம் பாக்டீரியா இருந்தது. மலக்கழிவு கலந்ததைக் காட்டும் ஈ-கோலை இல்லை என்பது ஒன்றே ஆறுதல். விற்பவர் தரப்பில் கிணற்றில் குளோரின் ஊற்றிச் சுத்தம் செய்தார்கள். பம்ப் பழுதுபார்க்க வந்த முதியவர் ஒருவர்தான் கிணற்றின் மூடியைத் திறந்து காட்டினார். அது பழைய காலத்துத் தளர்ந்த மூடி. உள்ளே பூச்சிகள் செத்துக் கிடந்தன. குளோரின் ஊற்றினால் இரண்டு வாரம் சுத்தமாக இருக்கும், மூடியை மாற்றாவிட்டால் மறுபடி வரும் என்றார். இறுக்கமான ரப்பர் வளையமும் காற்றுத்துளையில் வலையும் கொண்ட மூடி, வேலையோடு சேர்த்து 130 டாலர். அதை மாற்றி, மீண்டும் குளோரின் ஊற்றி, குழாயில் வாசனை முற்றிலும் போகும்வரை தண்ணீரை வெளியேற்றி, பத்து நாள் காத்திருந்து எடுத்த மாதிரியில் பாக்டீரியா இல்லை. சுண்ணாம்புப் பாறைப் பள்ளத்தாக்குகளில் மழைநீர் பிளவுகள் வழியே வேகமாக நிலத்தடிக்குள் இறங்கிவிடுவதால் பாக்டீரியா வருவது எளிது. அந்தப் பகுதியில் வீடு பார்க்கிறவர்கள், முதல்நாளே கிணற்று மூடியை ஒரு முறை கையால் அசைத்துப் பாருங்கள். அசைந்தால் பரிசோதனையின் முடிவை நீங்களே ஓரளவு ஊகித்துவிடலாம்.

தூரத்தை அளப்பது கடினமாக இருந்ததற்குக் காரணம், எதிலிருந்து அளப்பது என்று எவருக்கும் தெரியாததுதான். கிணற்றிலிருந்து செப்டிக் டேங்க் 50 அடி, கழிவுநீர் பரவி இறங்கும் நிலம் 100 அடி தள்ளியிருக்க வேண்டும் என்பது எஃப்எச்ஏவின் அளவு. உள்ளூர் அதிகாரம் இசைந்தால் அந்த நூறு, 75 அடிவரை குறையலாம். உள்ளூர் விதி இன்னும் கடுமையானால் அதுவே செல்லும். உள்ளூராட்சியான டவுன்ஷிப்பின் அலுவலகத்தில் கழிவுநீர் அனுமதிகளைப் பார்க்கும் அதிகாரியிடம் போய்க் கேட்டேன். பென்சில்வேனியாவில் இதற்கான சட்டம் 1966இல் வந்தது. இந்த வீடு அதற்கு நான்கு ஆண்டு மூத்தது. கோப்பே இல்லை. அப்ரைசர், மேப்பிள் மரத்தடியில் புல் அடர்ந்து பள்ளமாக இருந்த இடத்தைப் பார்த்து அதுதான் கழிவுநீர் நிலம் என்று எண்ணியிருந்தார். செப்டிக் வேலைக்காரர்கள் வந்து டேங்கைத் திறந்து, உறிஞ்சி, குழாய்க்குள் கேமராவை விட்டுத் தடம் பிடித்தார்கள். உண்மையான நிலம் மரத்துக்கு அப்பால் தொடங்கியது. கிணற்றிலிருந்து 108 அடி. அந்த எண்ணைக் கேட்டபோது என் கால் நடுங்கியது. 420 டாலர் செலவு; ஆனால் எட்டு அடிக்கு மேல் குறைந்திருந்தால் உள்ளூர் அனுமதி கேட்டு அலைந்திருக்க வேண்டும். ஒப்பந்தத்துக்கு முன்பே டவுன்ஷிப்பில் செப்டிக் வரைபடம் இருக்கிறதா என்று கேளுங்கள். இல்லையென்றால், அளக்கும் செலவும் காலமும் உங்கள் கணக்கில் இருக்கட்டும்.

கூரையில்தான் பேச்சு முறியும் நிலைக்குப் போனது. இரண்டு அடுக்கு ஷிங்கிள்களையும் பிரித்து எடுத்துப் புதிதாகப் போட 11,400 டாலர் என்றார்கள். பாட்டியிடம் அந்தப் பணம் இல்லை. அவருடைய ஏஜெண்ட், சாதாரணக் கடனோடு வருபவருக்கு விற்றுக்கொள்கிறோம் என்றார். என்னுடைய ஏஜெண்டோ, உரிமை மாறுவதற்கு முன்பே நானே பணம் போட்டுக் கூரையை மாற்றிவிடலாம் என்றார். அதை நான் ஏற்கவில்லை, நீங்களும் ஏற்காதீர்கள். இன்னொருவர் பெயரில் இருக்கும் வீட்டுக்கு நீங்கள் கூரை போட்ட பின் கடன் நின்றுபோனால், அந்தக் கூரையைத் திரும்ப எடுத்துவர வழியில்லை. பழுதுச் செலவையும் கடனிலேயே சேர்க்கும் 203கே என்ற வகை உண்டு. சிறிய வகையில் அப்போது 35,000 டாலர் வரை கிடைத்தது, 2024 நவம்பர் முதல் அந்த வரம்பு 75,000. ஆனால் நடுவழியில் மாறினால் மேலும் இரண்டு மாதம் ஆகும் என்று லோன் ஆபீசர் சொன்னார். பழைய கூரையுள்ள வீட்டைத் தேடும்போதே அந்தக் கடனைப் பற்றிக் கேட்டுவிடுவது நல்லது.

என்னைக் காப்பாற்றியவை இரண்டு தாள்கள். ஒன்று, எஃப்எச்ஏ ஒப்பந்தத்தோடு கட்டாயமாக இணைக்கப்படும் திருத்தப் பிரிவு: மதிப்பீடு பேசிய விலையைவிடக் குறைந்தால் வாங்குபவர் ஒப்பந்தத்தின்போது கட்டிய அச்சாரத்தை இழக்காமல் விலகிக்கொள்ளலாம். 4,000 டாலர் குறைந்ததை முதலில் கெட்ட செய்தி என்றுதான் நினைத்தேன். உண்மையில் அதுதான் எனக்குப் பேசும் பலத்தைக் கொடுத்தது. மற்றொன்று, எஃப்எச்ஏ அப்ரைசல் வாங்குபவரோடு போய்விடாமல் அந்த வீட்டின் கேஸ் எண்ணோடு (கடன் விண்ணப்பத்துக்கு எஃப்எச்ஏ தரும் எண்) 180 நாள் நிற்கும் என்ற விதி. அடுத்து எஃப்எச்ஏ கடனோடு யார் வந்தாலும் இதே கூரை நிபந்தனை அவர்களுக்கும் வரும். இவ்விரண்டையும் பணிவாக எழுதி அனுப்பினேன். மூன்று நாள் பதில் இல்லை. பிறகு பாட்டியின் மகன் பேசினார். விலை 2,34,000, கூரையைப் பாட்டி மாற்றித் தருவார், ஆனால் கூரைக்காரருக்கான தொகை, வீடு கைமாறும் நாளில் பாட்டிக்கு வரும் பணத்திலிருந்து நேரே கழித்துக் கொடுக்கப்படும் என்று முடிவாயிற்று. இப்படிக் காத்திருக்கச் சம்மதிக்கும் கூரைக்காரர் கிடைப்பது அரிது. ஐந்து பேரிடம் கேட்டோம், ஒருவர் ஒப்புக்கொண்டார். பிரித்தபோது ஓரப் பலகைகள் சில மக்கியிருந்ததால் இன்னும் 480 டாலர் கூடியது. அதை நான் கொடுக்கிறேன் என்று சொல்லிவிட்டேன். அந்தப் பாட்டியிடம் அதற்கு மேல் கேட்க எனக்கு மனம் வரவில்லை.

இந்த இழுபறியில் வெளியே தெரியாமல் பணத்தைத் தின்றது, வட்டி விகிதம் ஏறாதபடி குறிப்பிட்ட நாள்வரை நிறுத்திவைக்கும் வட்டிப் பூட்டுதான். ஆகஸ்டில் 6.625 விழுக்காட்டுக்கு 45 நாள் பூட்டியிருந்தேன். அந்த அக்டோபர் இறுதியில் நாட்டின் முப்பதாண்டுக் கடன் வட்டியின் சராசரி 7.79 விழுக்காட்டைத் தொட்டது. பூட்டை விட்டால் மாதத் தவணை என் கைக்கு எட்டாது. மூன்று முறை நீட்டித்ததில் 1,270 டாலர் போயிற்று. வாடகை வீட்டின் ஒப்பந்தம் முடிந்ததால் மாதக் கணக்கில் கூடுதலாகக் கொடுத்தது 500. அட்டிக் மறுவருகை 150, வீணான தண்ணீர்ப் பரிசோதனை 85. தவிர்த்திருக்கக்கூடியவை என்று நான் கருதும் இவை மட்டும் 2,005 டாலர். ஊதியமில்லா விடுப்பு ஆறு நாள் தனி. கிணறும் செப்டிக்கும் உள்ள பழைய வீட்டுக்கு 45 நாள் போதாது. தொடக்கத்திலேயே 60 அல்லது 75 நாளுக்குப் பூட்டக் கேளுங்கள். அதற்குச் சற்றுக் கூடுதல் விலை உண்டு. ஆனாலும் கடைசி நேரத்தில் நீட்டிப்பதைவிட எனக்கு அது மலிவாக இருந்திருக்கும். வேலைகள் முடிந்த பின் அப்ரைசர் மீண்டும் வந்து பார்த்துச் சான்றளிக்க வேண்டும்; அதற்கு 175 டாலரும் ஐந்து நாளும் ஆயின. அதையும் நாட்கணக்கில் சேர்த்துக்கொள்ளுங்கள்.

நவம்பர் 17 அன்று கையெழுத்துகள் முடிந்ததும் பாட்டி தன் பைக்குள்ளிருந்து ஒரு பழைய காபித் தகரப் பெட்டியை எடுத்து என்னிடம் கொடுத்தார். கணவர் வைத்திருந்த வீட்டுத் தாள்கள் என்றார். காரில் உட்கார்ந்து திறந்து பார்த்தேன். கிணற்றின் ஆழம் 185 அடி, பம்ப் மாற்றிய ஆண்டு 1998, கூரை போட்ட ஆண்டு, எல்லாம் இருந்தன. அடியில் மடித்து வைத்திருந்த கட்டம் போட்ட தாளில், வீடு, கிணறு, டேங்க், மேப்பிள் மரம், அதற்கு அப்பால் கழிவுநீர்க் குழாய்கள் என்று பென்சிலால் வரைந்து, ஒவ்வொன்றுக்கும் இடையே அடிக்கணக்கு எழுதியிருந்தார் அந்த மனிதர். கிணற்றிலிருந்து முதல் குழாய் வரை 110 அடி. பாட்டியிடம் யாரும் கேட்கவில்லை, நானும் கேட்கவில்லை. விற்பவர் வயதானவராக இருந்தால், ஏஜெண்டுகள் வழியாக வரும் படிவங்களோடு நில்லாமல், வீட்டைப் பற்றிய பழைய தாள்கள் ஏதாவது உண்டா என்று முதல் சந்திப்பிலேயே நேரில் கேளுங்கள்.

ஆண்டுக்கொருமுறை வசந்தத்தில் பனி உருகி முடிந்த பின் கிணற்று நீரைப் பரிசோதிக்கிறேன். கோலிஃபார்முக்கும் நைட்ரேட்டுக்கும் சேர்த்துக் கொடுக்கிறேன். அறிக்கைகளையும், கூரைக்காரர் கொடுத்த உத்தரவாதத்தையும், 108 அடி என்று எழுதிய செப்டிக் ரசீதையும் அந்தத் தகரப் பெட்டியிலேயே போட்டு வைக்கிறேன். சென்ற முறை நீர் சுத்தமாக இருந்தது, நைட்ரேட் 6.4.